குடியிருந்து காத்த மரபு

நுழையும்முன்

மரபுச்செல்வம் என்றதும் கோட்டைகளும் கோயில்களுமே நினைவுக்கு வரும். மீனவர் வாழ்ந்த எளிய வீடும் வரலாற்றுச் சான்றே என்பதை ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊர்கள் சில உணர்த்துகின்றன.

கடலோர மூலை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் கழிமுகத்தின் வடபால் அமைந்தது ஃபைஃப் நிலப்பகுதி. அதன் கிழக்குக் கோடியை ‘ஈஸ்ட் நியூக்’ என்பர். ‘நியூக்’ என்னும் ஸ்காட்ஸ் மொழிச் சொல்லுக்கு மூலை என்பது பொருள். ஈலி, செயிண்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரெயில் ஆகிய ஊர்கள் இக்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிரெயில், 1310ஆம் ஆண்டிலேயே மன்னர் முதலாம் ராபர்ட்டிடம் உரிமைப் பட்டயம் பெற்ற ஊராகும். செயிண்ட் மோனன்ஸில் 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று கடலை ஒட்டி நிற்கிறது.

வீடுகள் கூறும் வரலாறு

இவ்வூர்கள் மீனும் உப்பும் ஏற்றுமதி செய்து, நெதர்லாந்து முதலிய நாடுகளுடன் வணிகம் புரிந்தன. திரும்பிய கப்பல்கள் அடிப்பாரமாக ஏற்றிவந்த செந்நிற ஓடுகளே இங்குக் கூரைகளாயின என்பர். வீட்டுச் சுவரின் முக்கோண முகப்பு, படிக்கட்டுப் போன்ற விளிம்புடன் உயர்கிறது. மீனவர், வெளிப்புறப் படிகளின் வழியே மேல்தளம் ஏறி வாழ்ந்தனர். கீழ்த்தளத்தில் வலைகளையும் தொழிற்கருவிகளையும் வைத்தனர். தொழிலும் வாழ்வும் ஒரே கூரையின்கீழ் இணைந்திருந்தமையை இவ்வமைப்புக் காட்டுகிறது.

சரிவும் மீட்சியும்

20ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன்வரத்துக் குன்றியது. பழைய வீடுகள் பல பராமரிப்பின்றிச் சிதைந்து, இடிக்கப்படும் நிலையை அடைந்தன. அந்நிலையில், 1931இல் தோன்றிய ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, 1960இல் ‘சிறுவீடுகள் மேம்பாட்டுத் திட்டத்தை’த் தொடங்கியது. சிதைந்த வீட்டை விலைக்கு வாங்குதல், மரபு மாறாமல் செப்பனிடுதல், குடியிருக்க விரும்புவோர்க்கு விற்றல், அத்தொகையைக் கொண்டு அடுத்த வீட்டை மீட்டல் என்பதே அதன் நடைமுறை. வாங்குவோர் வீட்டின் பழைய தோற்றத்தைக் காக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் விற்பனையில் இடம்பெற்றது. இவ்வாறு ஒரே நிதி சுழன்று பல வீடுகளைக் காத்தது.

இன்று இவ்வீடுகளுள் பல விடுமுறைக்கால இல்லங்களாக மாறிவருகின்றன. கட்டடம் நிலைத்தாலும் குடியிருப்போர் குறைந்தால் ஊரின் உயிர்ப்புக் குறையும். ஆதலின், ஆண்டு முழுவதும் மக்கள் அங்கு வாழ வழிசெய்வதும் மரபுக் காப்பின் கடமையாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஆன்ஸ்ட்ரதரில் 1969இல் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1902இல் கட்டப்பட்ட ‘ரீப்பர்’ என்னும் பாய்மர மீன்பிடிப் படகு அதன் பாதுகாப்பில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. சுழல்நிதி முறையால் வீடுகள் மீட்கப்பட்டமையை விளக்குக.
2. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்து, அஃது உணர்த்தும் வாழ்க்கைமுறையை வகுப்பில் எடுத்துரைக்க.