திரையில் விரியும் நிலப்படம்

ஆறு, சாலை, எல்லை முதலியவற்றைப் படமாக அன்றி, ஆயத்தொலை எண்களாகச் சேமித்து வைக்கும் நிலப்படத்தை உலாவியே திரையில் வரைகிறது. இலட்சக்கணக்கான கோடுகளை ஒருங்கே வரைய முற்படின் திரை அசைவற்று நின்றுவிடும். ஆகவே படம் சதுரத் துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. தொடக்கத்தில் உலகம் முழுவதும் ஒரே துண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு நான்காகும். பத்தாம் படியில் 10,48,576 துண்டுகள். இவற்றுள் பார்வைக்குட்பட்டவை மட்டுமே தருவிக்கப்படுகின்றன.

தொடக்கப் படிகளில் சிற்றோடைகள் விடப்படுகின்றன. கோடுகளின் நுண்வளைவுகளும் குறைக்கப்படுகின்றன. 1973-இல் டக்ளஸ், பாய்க்கர் இருவரும் வெளியிட்ட முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

ஆதலின், அப்படிகளில் ஒரு வாய்க்கால் தென்படவில்லையெனின் அது நிலத்திலும் இல்லையெனக் கொள்ளலாகாது. நீளமும் பரப்பும் சுருக்கப்படாத மூல எண்களைக் கொண்டே கணக்கிடப்படுதல் வேண்டும்.