துணிக்கு மாறும் முறை: ஒரு மனையறப் பாடம்

குழந்தை வளர்ப்பில் சிறிது என்று ஒதுக்கத்தக்க செயல் எதுவுமில்லை. பால் புகட்டுதல், உறங்க வைத்தல் ஆகியவற்றைப் போலவே, நனைந்த துணியை மாற்றுதலும் நாள்தோறும் பலமுறை நிகழும் பணியாகும். வந்தவாசி, ஆரணி வட்டாரத்து ஊர்களிலிருந்து நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், பிறந்த நாள் முதலே கடை டயப்பரைப் பழக்கிவிட்டுப் பின்னர்த் துணிக்கு மாற விரும்பும் இளந்தாய்மார் உளர். எவ்வாறு மாறுவது? எவ்வளவு உழைப்பு வேண்டும்? அவ்வுழைப்பு யாருடையது? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இரண்டின் இயல்பு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர், அமெரிக்காவில் 1961-இல் ‘பாம்பர்ஸ்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தபின் பெரிதும் பரவியது. இன்றைய டயப்பரில் மூன்று பகுதிகள் உண்டு. உடலைத் தொடுவது பாலிபுரோப்பிலீன் இழைப்படலம். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வேதிப்பொருளின் நுண்மணிகளும் இருக்கின்றன. வெளியே நீர் கசியாத பிளாஸ்டிக் படலம். நடுவிலுள்ள மணிகள் தம் எடையைப்போல் பன்மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகி, ஈரத்தைத் தம்முள் அடக்கிவிடுகின்றன.

பருத்தித் துணியும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அடக்கி வைக்காது. எனவே நனைந்தவுடன் மாற்றவேண்டும். டயப்பரைக் கழற்றிவிட்டுத் துணியைக் கட்டி, மாற்றும் நேரத்தை மட்டும் பழையபடியே வைத்திருந்தால், குழந்தையின் தோல் முன்னினும் மிகுதியாகப் புண்படும். சிறுநீரும் மலமும் கலந்து நெடுநேரம் தோலில் படியும்போது, மலத்திலுள்ள நொதிகள் தோலை அரிக்கின்றன. இதுவே பெரும்பாலான தடிப்பிற்குக் காரணம்.

ஈரத்தை மறைக்காத இவ்வியல்பினால் ஒரு நன்மையும் உண்டு. தாய்ப்பால் போதிய அளவில் கிடைக்கும் குழந்தை, பிறந்த ஐந்து நாட்களுக்குப் பின் ஒரு நாளில் ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும். துணியாயின் அதனை எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் இருந்தாலோ, வயிற்றுப்போக்கின்போது துணி நெடுநேரம் நனையாதிருந்தாலோ, உடலில் நீர் வற்றுகிறது என்று ஐயுற்று உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். டயப்பரில் இந்த எண்ணிக்கை எளிதில் தெரிவதில்லை.

சுற்றுப்புறமும் துணியும்

எறிந்த டயப்பரின் பிளாஸ்டிக் எளிதில் மட்குவதில்லை. தெருவில் வீசினால் நாயும் மாடும் கிழிக்கின்றன. துப்புரவுப் பணியாளர் அதனைக் கையால் பிரிக்க நேர்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைத் தனியே பொதிந்து ஒப்படைக்குமாறு பணித்தன. பிறவுயிர்க்கு ஊறு செய்யாமையைப் போற்றும் நம் குடும்பங்கள் இதனைச் சட்டத்திற்கு அஞ்சிச் செய்யவேண்டுவதில்லை.

எனினும் துணி என்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது. இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான முறையில் துவைத்தால் புவி வெப்பமாதல் அளவில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. வெயிலில் உலர்த்துதல், இயந்திரத்தை நிறைத்துத் துவைத்தல், அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதே பெருங்குறைவு கண்டனர். நம் கொடிக்கயிறும் வெயிலும் இதற்குப் போதும். விலையுயர்ந்த வண்ண அணையாடைகளை அடுக்கடுக்காக வாங்குதல் இப்பயனைக் கெடுக்கும்.

மாறும் படிகள்

1. துணி சேர்த்தல்: தூய பருத்தித் துணி 24 முதல் 30 வரை வேண்டும். பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டி மிகவும் ஏற்றது. புதுத் துணியாயின் கஞ்சி நீங்க மூன்று நான்கு முறை அலசிய பின்னரே பயன்படுத்துக.

2. முதல் வாரம்: வீட்டில் பகற்பொழுதில் மட்டும் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர். நாள்தோறும் எத்தனை துணி ஆகிறது என்று குறித்துக்கொள்க.

3. இரண்டாம் வாரம்: பகல் முழுதும் துணி. வெளியே செல்லும்போது மாற்றுத் துணிகளுடன், நனைந்தவற்றை இடுவதற்கு ஒரு பையும் கொண்டு செல்க.

4. மூன்றாம் வாரம்: இரவிலும் முயல்க. துணியை இரட்டையாக மடித்துக் கட்டலாம். தாயின் உறக்கம் கெடுமாயின் இரவில் டயப்பரையே தொடர்க. அதில் இழுக்கு ஏதுமில்லை.

கட்டும்போது முடிச்சு வயிற்றை அழுத்தாமல் ஒரு விரல் நுழையுமளவு தளர்வு இருத்தல் வேண்டும். கால்கள் தாராளமாக மடங்கி அகல வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை துணி அதற்குக் கீழேயே நிற்கட்டும். ஊக்குக் குத்துவதைத் தவிர்க்க.

துவைக்கும் முறை

மலத்தை முதலில் கழிப்பறையில் நீக்கிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுக; முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் கறை படிந்துவிடும். பின்னர்ச் சோப்புத்தூளும் வெந்நீரும் கொண்டு துவைத்து, நுரை அறவே நீங்கும்வரை அலசவேண்டும். தங்கிய சோப்பு தோலை உறுத்தும். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்த்தால் உறிஞ்சும் திறன் குறையும். துணியை ஊறவைத்த வாளியைத் தவழும் குழந்தைக்கு எட்டுமிடத்தில் வைத்தல் கூடாது. சிறிதளவு நீரும் உயிருக்கு இடராகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உலராது. அப்போதைக்கெனப் பத்துத் துணி கூடுதலாக வைத்துக்கொள்க. ஈரத்துணியை ஒருபோதும் கட்டுதல் கூடாது.

தோல் சிவந்தால் வெறும் நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, சிறிது நேரம் துணியின்றிக் காற்றுப்பட விடுக. முகப்பவுடர் தூவுதல் வேண்டா. அத்தூள் மூச்சில் புகும். மூன்று நாளில் தணியாவிடினும், கொப்புளமோ காய்ச்சலோ தோன்றினும், தொடையிடுக்கில் செந்நிறப் புள்ளிகள் பரவினும் மருத்துவரைக் காண்க.

உழைப்பு யாருடையது?

நாளொன்றுக்குப் பத்துத் துணி என்றாலும் மாதத்திற்கு முந்நூறு துணியாகிறது. அத்தனையையும் ஈன்றவள் ஒருத்தியே துவைக்க நேர்ந்தால், துணிக்கு மாறுதல் நற்செயல் ஆகாது. அவள் தலையில் ஏற்றிய மற்றொரு சுமையே ஆகும். முற்காலத்தில் தாய், மாமியார், நாத்தனார் எனப் பலர் பகிர்ந்து செய்த பணி இது. இன்று மூவர் வாழும் வீட்டில் அப்பங்கைத் தந்தை ஏற்றல் வேண்டும். அலசுதல் ஒருவர், உலர்த்தி மடித்தல் ஒருவர் என்று மாற்றம் தொடங்கும் முன்னரே பேசி முடிவு செய்க. “எங்கள் காலத்தில் டயப்பரா இருந்தது?” என்று மருமகளைக் கேட்கும் பாட்டிமார், தாமும் நான்கு துணியை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்பாராக.

பயிற்சி வினாக்கள்

1. துணியை ஏன் டயப்பரைவிட அடிக்கடி மாற்றவேண்டும்?
2. சிறுநீர் கழித்த எண்ணிக்கை குறைந்தால் எதை ஐயுறவேண்டும்?
3. உங்கள் இல்லத்தில் நாளைக் காலை அலசுபவர் யார், உலர்த்துபவர் யார்?

மூன்றாம் வினாவுக்குத் தாயின் பெயர் மட்டுமே விடையாக வருமாயின், இன்னும் சில நாள் பொறுத்து, அவ்விடை மாறிய பின் துணிக்கு மாறுக.