புரா கிராமம் புகட்டிய பாடம்



உங்கள் ஊருக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகமோ பெரிய கல்லூரியோ இருக்கலாம். அதன் மதிலுக்குள்ளே ஆய்வுக்கூடங்களும் நூலகமும் நிழல் தரும் மரங்களும் இருக்கும். மதிலுக்கு வெளியே சாலையோரமாக ஒரு தாய் தலையில் விறகுக் கட்டுடன் நடந்து செல்கிறாள். உள்ளே வளரும் அறிவியலுக்கும் வெளியே நடக்கும் அந்தத் தாய்க்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

இக்கேள்வியை உண்மையாகவே கேட்டுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் கதையை இம்மாதம் பார்ப்போம். அந்தக் கதையில் ஒரு தோல்வியும் உண்டு. அந்தத் தோல்விதான் நமக்குப் பெரிய பாடம்.

மதிலைத் தாண்டிய விஞ்ஞானிகள்

பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனம் 1909-இல் தொடங்கப்பட்டது. இயற்பியல், வேதியியல், பொறியியல் முதலிய துறைகளில் உயர் ஆராய்ச்சி நடக்கும் இடம் அது. அங்கே பேராசிரியராக இருந்தவர் அமுல்ய குமார் ரெட்டி. மின்வேதியியலில் புகழ்பெற்றவர், அத்துறையில் உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் ஒரு பாடநூலை எழுதியவர்களுள் ஒருவர்.

நாட்டு மக்களில் பெரும்பாலோர் கிராமங்களில் வாழும்போது, நம் ஆராய்ச்சியின் பயன் அவர்களை எட்டுகிறதா என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. 1974-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து நிறுவனத்துக்குள்ளேயே ஓர் அமைப்பைத் தொடங்கினர். 'ஆஸ்ட்ரா' என்பது அதன் பெயர். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் ஊரகப் பகுதிகளுக்குப் பயன்படுத்துதல் என்பது அதன் நோக்கம்.

வளாகத்தில் உட்கார்ந்துகொண்டே கிராமத்தை அறிய முடியாது அல்லவா? எனவே கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உங்ரா என்னும் ஊரில் ஒரு கிளை மையத்தை அமைத்தார்கள். சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் எவ்வளவு விறகு தேவை? அதை யார் சுமந்து வருகிறார்கள்? எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இவைதாம் அவர்கள் கேட்ட கேள்விகள்.

விடைகள் சிந்திக்க வைத்தன. அக்கிராமங்களில் செலவாகும் ஆற்றலில் மிகப் பெரும் பங்கு மின்சாரமும் அன்று, மண்ணெண்ணெயும் அன்று, விறகு. அதில் பெரும்பகுதி விலைக்கு வாங்கப்படுவதில்லை. பொறுக்கியும் வெட்டியும் கொண்டு வரப்படுவது. அந்த உழைப்பில் பெரும் பங்கு பெண்களுடையது. சிறுவர் சிறுமியரும் விறகுக்காகவும் மாடு மேய்க்கவும் நாள்தோறும் பல மணி நேரம் செலவிட்டனர். அந்த நேரத்தில் அவர்கள் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர்கள்.

சாணத்திலிருந்து எரிவாயு

அந்த ஆறு கிராமங்களுள் ஒன்று புரா. சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே மாடுகள் நிறைய இருந்தன. 'ஊருக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலன் கட்டினால் பெண்களின் விறகுச் சுமை தீருமே!' என்று விஞ்ஞானிகள் எண்ணினர்.

சாண எரிவாயு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் விட வேண்டும். அங்கே பலவகை நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் சாணத்திலுள்ள பெரிய மூலக்கூறுகளைச் சிறியவையாக உடைக்கிறது. அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக மாற்றுகிறது. கடைசியாக வரும் கூட்டம் அவற்றிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. இப்படிக் கிடைக்கும் வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. மீத்தேன் நன்றாக எரியும். எஞ்சும் கரைசலில் தழைச்சத்து வீணாவதில்லை. ஆகவே எரிபொருளும் கிடைக்கும், எருவும் கிடைக்கும்!

முதல் முயற்சியின் தோல்வி

திட்டம் அழகானதுதான். ஆனால் சமையலுக்கு எரிவாயு கொடுக்கும் முதல் முயற்சி புராவில் வெற்றி பெறவில்லை. எல்லா வீட்டு அடுப்புக்கும் போதுமான வாயு கிடைக்கவில்லை. மக்களின் ஆர்வம் குறைந்தது. சாண வரவும் குறைந்தது. சாணம் குறைந்தால் வாயு இன்னும் குறையும்தானே?

இந்த இடத்தில் விஞ்ஞானிகள் நினைத்திருந்தால் மக்களைக் குறை கூறிவிட்டு மூட்டை கட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஊராரோடு உட்கார்ந்து பேசினார்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டார்கள்: 'உங்களுக்கு முதலில் வேண்டியது என்ன?'

'நல்ல குடிநீர்' என்பதே ஊராரின் விடை.

விறகு பாடுபட்டேனும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தூய குடிநீருக்கோ வழியே இல்லை. மின்கம்பி ஊருக்கு வந்திருந்தும் மின்சாரத்தை நம்ப முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

சமையலுக்குப் போதாத வாயு குடிநீருக்கு மட்டும் போதுமா? இதற்கு உங்கள் இயற்பியல் பாடமே விடை சொல்லும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம். அதை 50 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே தூக்கத் தேவையான ஆற்றல்:

1 × 9.8 × 50 = 490 ஜூல்.

அதே ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கத் தேவையான ஆற்றல்:

1 × 4,200 × 70 = 2,94,000 ஜூல்.

இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 600 வருகிறது! ஒரு லிட்டர் நீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும் ஆற்றலைக் கொண்டு, 600 லிட்டர் நீரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். சூடாக்குவது அவ்வளவு செலவு பிடிக்கும் வேலை.

இனி 400 பேர் வாழும் ஒரு மாதிரிக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 1,000 கிலோ சாணம் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சாணத்திலிருந்து சுமார் 35 லிட்டர் வாயு கிடைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 35 கனமீட்டர் வாயு.

சமையல்: ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் கால் கனமீட்டர் வாயு வேண்டும். 400 பேருக்கு 100 கனமீட்டர். நம்மிடம் இருப்பதோ 35. மூன்றில் ஒரு பங்குதான்.

குடிநீர்: ஒருவருக்கு 25 லிட்டர் வீதம் 10,000 லிட்டர் நீரை 50 மீட்டர் ஏற்ற 49 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். எனவே ஏறத்தாழ 1.4 யூனிட். குழாயிலும் மோட்டாரிலும் பம்பிலும் ஆற்றல் விரயமாகும். ஆகவே தாராளமாக 5 யூனிட் என்று கொள்வோம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.6 கனமீட்டர் வாயு செலவாகும். மொத்தம் 3 கனமீட்டர்.

வெளிச்சம்: 20 வாட் குழல் விளக்குகள் நூறு, மூன்று மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். அதற்கு வாயு ஏறத்தாழ 4 கனமீட்டர்.

குடிநீரும் வெளிச்சமும் சேர்ந்து 7 கனமீட்டர்தான். கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு! சாண வரவு பாதியாகக் குறைந்தாலும் ஊர் இருளில் மூழ்காது. ஊரார் கேட்டதும் இயற்கை கொடுக்க வல்லதும் ஒன்றாகவே இருந்ததைக் கவனித்தீர்களா?

குழாயில் வந்த நீர்

1987 செப்டம்பரில் புராவின் எரிவாயுக் கலன் புதிய வடிவில் வேலையைத் தொடங்கியது. வாயு அடுப்புக்குப் போகாமல் ஒரு டீசல் எஞ்சினுக்குப் போயிற்று. மீத்தேன் அழுத்தத்தால் மட்டும் தானாகத் தீப்பற்றுவதில்லை. ஆகவே சிறிதளவு டீசலும் உடன் செலுத்தப்படும். டீசல் பற்றிக்கொண்டு வாயுவையும் எரிய வைக்கும். எஞ்சின் 5 கிலோவாட் மின்னாக்கியைச் சுழற்றியது. அந்த மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை ஏற்றியது. வீடுகளுக்கு ஒளி தந்தது.

பொறுப்பும் ஊராரிடமே இருந்தது. கிராம விகாச சபை என்னும் ஊர்ச்சபை நிருவாகத்தைக் கவனித்தது. ஊர் இளைஞர்களே பயிற்சி பெற்று எந்திரத்தை இயக்கினர். வீடுகளிலிருந்து வரும் சாணம் எடை போட்டுக் குறித்துக்கொள்ளப்படும். கொண்டுவந்து சேர்த்ததற்குக் கிலோவுக்கு 2 பைசா தரப்படும். கொடுத்த சாணத்துக்கு ஏற்ற எருக் கரைசலும் திரும்பக் கிடைக்கும். ஒத்துழைத்தவருக்கும் லாபம், ஊருக்கும் லாபம். அதனால்தான் கலன் பல ஆண்டுகள் இயங்கியது.

அப்படியானால் விறகுச் சுமை என்ன ஆயிற்று? அதற்கும் ஆஸ்ட்ரா வேறு ஒரு வழி தேடியது. கன்னடத்தில் 'ஒலே' என்றால் அடுப்பு. விஞ்ஞானிகள் உருவாக்கிய 'ஆஸ்ட்ரா ஒலே' என்னும் அடுப்பில் தீ மூடிய அறைக்குள் எரியும். ஒரே தீயில் மூன்று பாத்திரங்கள் சூடேறும். புகை போக்கி வழியே வெளியேறும். வெப்பம் வீணாவது குறைந்ததால் விறகும் குறைந்தது. சமைப்பவர் கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பின.

'நீடித்த' என்றால் என்ன?

அதே 1987-இல்தான் ஐக்கிய நாடுகள் அமைத்த ஓர் ஆணையம், நார்வே நாட்டின் க்ரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில், நீடித்த வளர்ச்சி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இன்று நாம் நம் தேவையை நிறைவு செய்யும்போது, நாளை வருவோரின் தேவைக்குக் கேடு செய்யக்கூடாது என்பது அதன் சாரம். ஆஸ்ட்ராவின் பணி இன்று அதே நிறுவனத்தில் 'நீடித்த தொழில்நுட்பங்கள் மையம்' என்ற பெயரில் தொடர்கிறது.

ஆனால் புரா இன்னொன்றையும் சொல்கிறது. இயற்கைக்குக் கேடு இல்லாமை மட்டும் ஒரு திட்டத்தை நீடிக்கச் செய்யாது. மக்களுக்கு அது வேண்டியதாகவும் இருக்க வேண்டும். கலனும் சாணமும் நுண்ணுயிரும் இரண்டு முறையும் அவையேதான். மாறியது கேள்வி ஒன்றுதான்.

நீங்களும் செய்யலாம்

உங்கள் பள்ளியும் ஒரு வளாகம்தானே? நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து இவற்றைச் செய்து பாருங்கள்.

1. சொட்டும் குழாய் ஒன்றின் அடியில் 100 மில்லி லிட்டர் குவளையை வையுங்கள். நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது? ஐந்து நிமிடம் என்றால் ஒரு நாளில் ஏறத்தாழ 29 லிட்டர் வீணாகிறது. நம் மாதிரிக் கிராமத்தில் ஒருவருடைய ஒரு நாள் பங்கைவிட இது அதிகம்!

2. ஆளில்லாத வகுப்பறைகளில் எரியும் விளக்குகளையும் சுழலும் மின்விசிறிகளையும் ஒரு வாரம் கணக்கெடுங்கள். எத்தனை யூனிட் வீணாகிறது என்று கணக்கிடுங்கள்.

3. சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மாவிடமும், பள்ளியைக் கூட்டிப் பெருக்குபவரிடமும், காவலாளியிடமும் சென்று, 'உங்களுக்கு எது பெரிய சிரமமாக இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை முதலில் செய்யுங்கள். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.