பந்தய டயரும் மழைச்சாலையும்

சிரம்பானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தம் மகிழுந்துக்கு டயர் மாற்றுவதற்காகக் கடை ஒன்றுக்குச் சென்றார். பின் டயர்கள் இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. கடையின் ஓரத்தில் அடுக்கியிருந்த ஒரு வகை டயர் அவர் கண்ணைக் கவர்ந்தது. அதில் பள்ளங்கள் மிகக் குறைவு. தொட்டால் மிருதுவாக இருந்தது. பந்தயத் தடத்தில் ஓடும் மகிழுந்துகளின் டயரைப் போலவே தோற்றமளித்தது.

“அண்ணே, இதையே போட்டுவிடுங்கள். பிடிப்பு நன்றாக இருக்குமாமே?”

“பிடிப்பு இருக்கும், தம்பி. ஆனால், மழையில் என்ன செய்வாய்?” என்று கடைக்காரர் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருளை உணர, டயர் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும். ஒரு மகிழுந்து ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அவ்வளவு எடையையும் தாங்கிக்கொண்டு சாலையைத் தொடுபவை நான்கு டயர்களின் நான்கு சிறு பகுதிகள்தாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். வாகனம் வளைவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

காய்ந்த சாலையில், அந்த உள்ளங்கை முழுவதும் ரப்பராக இருந்தால் பிடிப்பு மிகுதி. அதனால்தான் பந்தயத்தில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு ‘ஸ்லிக்’ என்று பெயர். இது பொதுச் சாலைக்கு உரியதன்று. கடையில் இளைஞர் பார்த்தது ‘செமி ஸ்லிக்’, அதாவது சில பள்ளங்களை மட்டும் கொண்ட டயர். வேடிக்கையாகச் சொன்னால், அரை மொட்டை டயர்.

சாதாரண டயரில் பள்ளங்கள் ஏராளம். மலாய்மொழியில் இவற்றைப் ‘புங்ஙா தாயார்’ என்பர். டயரின் பூ என்று பொருள். ஆனால், இந்தப் பூ அழகுக்காகப் பூத்ததன்று. டயருக்கும் சாலைக்கும் இடையே சிக்கும் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால் அது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாலையில் 3 மில்லிமீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நிற்பதாகக் கொள்வோம். டயரின் அகலம் 20 சென்டிமீட்டர். மகிழுந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது, விநாடிக்கு 25 மீட்டர். இம்மூன்றையும் மீட்டர் கணக்கிற்கு மாற்றிப் பெருக்கினால் 0.015 கன மீட்டர் வரும். அது 15 லிட்டர். ஒரு விநாடியில், ஒரே ஒரு டயர், ஒரு பெரிய வாளித் தண்ணீரைத் தன் வழியிலிருந்து அகற்ற வேண்டும்! அகற்ற முடியாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். அப்போது மகிழுந்து சாலையில் ஓடவில்லை, தண்ணீரின்மேல் மிதக்கிறது. திசைதிருப்பி திடீரென இலேசாகிவிடும். பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. அந்நேரத்தில் எரிபொருள் மிதியிலிருந்து மெல்லக் காலை எடுத்து, திசைதிருப்பியை நேராகப் பிடித்திருப்பதைத் தவிர ஓட்டுநர் செய்யக்கூடியது அதிகமில்லை.

இதற்கு மலேசியர் மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் செப்பாங்கில் ஃபார்முலா 1 பந்தயம் மாலை 5 மணிக்குத் தொடங்கியது. இடையில் கொட்டிய பெருமழையில் தடமே ஓடையானது. ஓட்டுநர்கள் மழைக்கென்றே செய்யப்பட்ட, ஆழமான பள்ளமுள்ள டயர்களுக்கு மாறியிருந்தனர். அப்படியும் பல மகிழுந்துகள் சுழன்று தடத்தைவிட்டு விலகின. 56 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் 33ஆம் சுற்றில் நிறுத்தப்பட்டது. முதலிடம் பெற்ற ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளிகளே கிடைத்தன. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களின் நிலையே அது. நெடுஞ்சாலையிலோ மழை வந்ததும் உள்ளே ஓடிவந்து டயர் மாற்றித் தரக் குழுவினர் எவரும் இல்லை.

செமி ஸ்லிக்கைக் குறை சொல்லிக்கொண்டே போவதும் நியாயமன்று. குளிர்நாடுகளில் அது சூடேறாமல் வழுக்கும் என்பார்கள். மலேசிய வெயிலில் அந்தச் சிக்கல் பெரிதாக இராது. காய்ந்த வளைவுகளில் அது சாதாரண டயரைவிட நன்றாகவே பிடிக்கும். சிக்கல், பிற்பகலில் இடியுடன் வரும் மழையில்தான் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் பெரும்பாலும் அதுவே.

தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பல டயர்களின் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர்’ என்ற சொல்லுக்கு அருகே ஓர் எண் இருக்கும். அது கிலோமீட்டர் கணக்கு அன்று, ஒப்பீட்டு எண். 400 என்றிருக்கும் டயர், 100 என்றிருக்கும் டயரைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு உழைக்கும் என்பது பொருள். எண்ணைத் தயாரிப்பாளரே தருவதால், இரு நிறுவனங்களின் டயர்களை ஒப்பிடும்போது இதை முழுவதும் நம்பிவிட முடியாது. எனினும், மிருதுவான ரப்பர் விரைவில் தேயும் என்பதில் ஐயமில்லை. சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மாதம் 22 நாள் போய் வந்தால் 2,860 கிலோமீட்டர். புதிதாக இருக்கும்போதே பள்ளம் குறைவாக உள்ள டயர், சில மாதங்களில் என்னவாகும்?

சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். மோட்டார் சைக்கிள் டயர்களிலும் இத்தகைய அடையாளம் உண்டு. வீட்டில் நிற்கும் காப்சாயிலேயே பார்க்கலாம்.

இளைஞர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, மழைச்சாலைக்கு ஏற்ற சாதாரண டயர்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

“புதியவற்றை முன்னால் போடுவீர்களா, அண்ணே?”

“இல்லை, பின்னால்தான். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்,” என்றார் கடைக்காரர்.

“செப்பாங்கில் ஒரு நாள் ஓட்ட ஆசை, அண்ணே.”

“தாராளமாக ஓட்டு. அதற்கு இன்னொரு ஜோடி ரிம் வாங்கி, அந்த டயரை அதில் மாட்டி வைத்துக்கொள். காசு சேர்த்துக்கொண்டு வா.”

மறுநாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், நீலாயை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கும் தண்டுகள் வேகமாக ஆடின. இளைஞர் இடப்பக்கத் தடத்திற்கு மாறினார். வேகமானியின் முள் 110இலிருந்து 80க்கு இறங்கியது.