ஈரமானியின் அளவுகோல்

மரக்கால் சிறுத்துவிட்டால் களத்து நெல் பெருகியதுபோலத் தோன்றும். கணக்கில் சில கலம் ஏறியிருக்கும். குதிருக்குள் ஒரு மணியும் கூடியிராது. வயலின் ஈரத்தை அளந்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்கின்ற மின்னணுப் பலகைகளிலும் இதே பிழை நேருகிறது.

சென்னை நந்தனத்தில் தலைமை அலுவலகம் கொண்டுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை, தொலைவிலிருந்து பம்பு செட்டை இயக்கும் கருவிகளுக்கு மானியம் அளித்து வந்துள்ளது. மோட்டார் இயக்கத்துடன் ஈரமானியையும் இணைத்துப் பார்க்க விரும்புவோர், முதலில் ‘ஆர்டுயினோ ஊனோ’ என்னும் பலகையில் சோதித்துக்கொள்வது நலம்.

அப்பலகையில் ஏ0 முதல் ஏ5 வரை ஆறு உள்ளீட்டு முனைகள் உண்டு. ஈரமானி தரும் மின்னழுத்தத்தை இவற்றுள் ஒன்றில் கொடுத்தால், பலகை அதனை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றும். எதனோடு ஒப்பிட்டு? நாம் வேறு சொல்லாதவரை, பலகைக்கு வரும் 5 வோல்ட்டுடன். அந்த 5 வோல்ட்டே இங்கு மரக்கால்.

தொல்லையும் அங்கேதான். மின்தேக்கி வகை ஈரமானியில், மண் நனைய நனைய வோல்ட் குறையும். எண் 430-க்குக் கீழ் வந்ததும் மோட்டார் நிற்கும்படி அமைத்துள்ளோம் என்று கொள்வோம். நீர் பாய்ந்து, ஈரமானி 2 வோல்ட் தருகிறது. எண் 409 ஆக வேண்டும். ஆனால் மோட்டாரை ஓட்டும் ரிலேயும் அதே நலிந்த மின்வழங்கியிலிருந்து மின்சாரம் இழுப்பதால், 5 வோல்ட் 4.5 ஆகத் தாழ்ந்துவிடுகிறது. எண் 455 ஆகிறது. நனைந்த மண்ணைக் காய்ந்ததென்று கருதி மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கிணறு வற்றும். ஈரமானியைப் பழித்து வேறு வாங்குவோர் உண்டு. அதன்மீது குற்றமில்லை.

பலகையிலேயே சீராக்கப்பட்ட 3.3 வோல்ட் முனை ஒன்று இருக்கிறது. அதனை ‘ஏரெஃப்’ எனக் குறித்துள்ள முனையுடன் இணைத்து, வெளியிலிருந்து வரும் அதுவே அளவுகோல் என்று நிரலில் எழுத வேண்டும். அளக்கச் சொல்லும் கட்டளைக்கு முன்னரே இவ்வரி வரவேண்டும். நிரலை ஏற்றிய பின்பே கம்பியை இணைக்க வேண்டும். முறை மாறினால் உள்ளிருக்கும் சில்லு பழுதாகக் கூடும். அளவுகோல் மாறியதால் முன்னைய 430 இப்போது 651 ஆகும் என்பதையும் மறத்தலாகாது. ஈரமானி 3.3 வோல்ட்டைத் தாண்டினால் எண் 1023-இலேயே நின்றுவிடும்.

பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டியில் மிதவையுடன் சுழலும் மின்தடைமாற்றியைப் பொருத்துவோருக்கு இம்மாற்றம் வேண்டியதில்லை. அது அதே 5 வோல்ட்டிலிருந்து பங்கு பிரித்துத் தருவது. இரண்டும் சேர்ந்தே தாழ்வதால் எண் மாறாது.

வயலுக்கு எடுத்துச் செல்லுமுன், ஒரு சட்டி ஈரமண்ணில் ஈரமானியை நட்டு, ரிலே இயங்கும்போதும் நிற்கும்போதும் வரும் எண்களைக் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும்.