பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு

செய்ய வேண்டியவை

• பிராக்டிகலில் ரீடிங்கை நீங்களே எடுங்கள். நியூட்டன் வளையச் சோதனையில் மைக்ராஸ்கோப்பின் திருகை ஒரே திசையில் நகர்த்துங்கள். பாதியில் பின்னால் திருப்பினால் மரையின் தளர்வு ரீடிங்கைக் கெடுத்துவிடும். நடுப்புள்ளி கறுப்பாக இருக்கும் என்கிறது புத்தகம். உங்களுக்கு வெளிச்சமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி இருக்கலாம். தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுங்கள். வளைய எண்ணையும் விட்டத்தின் வர்க்கத்தையும் வைத்து வரைபடம் போட்டால் அப்போதும் நேர்கோடுதான் வரும், சாய்வும் மாறாது. ஏன் என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசியுங்கள்.

• அலைடு மேத்ஸில் அக்கறை காட்டுங்கள். குவாண்டம் மெக்கானிக்ஸ் புரியவில்லை என்று தவிக்கும் பலருக்கு உண்மையில் கைவராதது வகைக்கெழுச் சமன்பாடுதான்.

• இரண்டாம் ஆண்டிலேயே ஜாம் தேர்வின் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர அதுதான் வழி.

• கோடை விடுமுறையில், நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். 'நான் வெறும் யூ.ஜி.தானே' என்று தயங்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் பட்டம் வாங்கும் முன்பே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது.

செய்யக்கூடாதவை

• சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதாதீர்கள். சோடியம் விளக்குக்கு விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ரீடிங்குகளை உண்டாக்குவது அதைவிட மோசம். மதிப்பெண் கிடைக்கும், கை பழகாது.

• அரியரைச் சேர்த்து வைக்காதீர்கள்.

• "பிசிக்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதானே?" என்பவர்களிடம் வாயடைத்து நிற்காதீர்கள். நல்ல ஆசிரியர் ஆவது பெரிய வேலை. அதை விரும்பிச் செய்யுங்கள். வேறு வழிகளும் உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் கட்டிக்கு எவ்வளவு கதிர், பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு குறைவாக என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் இயற்பியல் படித்தவர்கள் வேலை செய்கிறார்கள்.

• வேறு வேலைக்குப் போக நேர்ந்தால் படிப்பு வீண் என்று நினைக்காதீர்கள். 1907-இல் நிதித்துறையில் சேர்ந்த சி.வி. ராமன், கல்கத்தாவில் அலுவலக நேரம் போக மீதி நேரத்தில்தான் ஆராய்ச்சி செய்தார்.

அடுத்த பிராக்டிகல் வகுப்பில் பக்கத்து மாணவரிடம் கொடுத்துவிடாமல், திருகை நீங்களே பிடியுங்கள்.