ஈஎம்ஐ முடியும் முன்னாடியே பேட்டரி போகணுமா? முதல் லேப்டாப் வாங்கியவர்களுக்கு



வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாசம், 18 மாத ஈஎம்ஐ-யில் என் முதல் லேப்டாப்பை வாங்கினேன். பதினாலாவது மாசம், சார்ஜரைக் கழட்டினா 40 நிமிஷம்கூடத் தாங்கலை. சர்வீஸ் சென்டரில், "லேப்டாப்புக்கு வாரண்டி இருக்கு சார், பேட்டரிக்கு ஒரு வருஷம்தான்"னு சொல்லிட்டாங்க. இன்னும் நாலு தவணை பாக்கி. அதுக்கு மேல பேட்டரிக்குத் தனிச் செலவு.

லேப்டாப்பில் பெரும்பாலும் முதலில் தேயுறது பேட்டரிதான். அது எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதில் நம்ம பழக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

முதலில் பணக் கணக்கு

உதாரணத்துக்கு, புது பேட்டரி 6,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 2 வருஷத்தில் மாத்தினா மாசத்துக்கு 250 ரூபாய் செலவு. 4 வருஷம் ஓட்டினா 125 ரூபாய்தான். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. "சார்ஜ் நிக்கல, புதுசே வாங்கிடலாம்"னு நல்லா ஓடுற லேப்டாப்பைத் தள்ளிவிட்டு, அடுத்த ஈஎம்ஐ-யில் மாட்டிக்கிறது!

பேட்டரி ஏன் தேயுது?

இன்றைய லேப்டாப்களில் இருப்பது லித்தியம் அயான் வகை பேட்டரி. பயன்படுத்தினாலும் தேயும், சும்மா இருந்தாலும் மெதுவாகத் தேயும். அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்துறது முக்கியமா ரெண்டு விஷயம்: சூடு, அப்புறம் எப்பவும் 100 சதவீதத்திலேயே நிற்பது.

"புது லேப்டாப்பை முதல் நாள் 8 மணி நேரம் சார்ஜ் போடணும்", "முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது தேவையில்லை. அடிக்கடி பூஜ்யம் வரைக்கும் இறக்குவது கெடுதல்தான்.

முதல் நாளே செய்ய வேண்டிய 3 வேலைகள்

1. சார்ஜ் வரம்பை 80 சதவீதமா வைங்க. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்', ஆசஸில் மைஆசஸ் செயலிக்குள் 'பேட்டரி கேர்' என்று இருக்கும். மேக்புக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' ஆனில் இருக்கான்னு பாருங்க. ஊருக்குப் போகும்போது மட்டும் 100 வரைக்கும் ஏத்திக்கலாம்.

2. செட்டிங்ஸில் திரை அணையும் நேரம், ஸ்லீப் நேரம் ரெண்டையும் குறைங்க. லேப்டாப்பை ஆன் செய்ததும் தானாகத் திறக்கும் தேவையில்லாத செயலிகளை நிறுத்துங்க.

3. பில்லை போட்டோ எடுத்து மெயிலில் சேமிங்க. கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்க. பேட்டரிக்கு எத்தனை மாசம்னு தனியா கேட்டுக்கோங்க.

தினசரிப் பழக்கம்

மெத்தை மேலயும் தலையணை மேலயும் வச்சு வேலை செய்யாதீங்க. காற்று போற வழி அடைச்சு, உள்ளே சூடு ஏறும். ஒரு பரீட்சை அட்டை வச்சாலே போதும். வெயிலில் நிற்கும் கார்ல லேப்டாப்பை விட்டுட்டுப் போகாதீங்க. முடிஞ்சவரை 20-லிருந்து 80 சதவீதத்துக்குள் வைங்க. ஒரு நாள் தவறினா பயப்பட வேண்டாம். ரொம்ப நாள் எடுக்காம வைக்கப் போறீங்கன்னா, பாதி சார்ஜில் அணைச்சு வைங்க. விலை குறைவுன்னு ஏதோ ஒரு சார்ஜரை வாங்காம, உங்க மாடலுக்குரிய வாட் அளவு உள்ள தரமான சார்ஜரையே பயன்படுத்துங்க.

11-வது மாசம் மறக்காதீங்க

இப்பவே மொபைல் காலண்டரில் ஒரு ரிமைண்டர் போடுங்க. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று டைப் பண்ணி என்டர் தட்டினா ஒரு ரிப்போர்ட் ஃபைல் வரும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 40,000 என்று இருந்தா, உங்க பேட்டரியில் மிச்சம் 80 சதவீதம். ஒரே வருஷத்தில் ரொம்பக் குறைஞ்சிருந்தா, வாரண்டி முடியும் முன்னாடியே சர்வீஸ் சென்டரில் காட்டுங்க. சாதாரணத் தேய்மானத்துக்கு மாத்தித் தர மாட்டோம்னு சொல்லலாம். பழுதுன்னா மாத்திக் கொடுக்க வாய்ப்பு இருக்கு. கேட்காம விட்டா எதுவும் கிடைக்காது. நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை: டச்பேட் மேலே தூக்கிட்டு வந்தாலோ, அடிப்பக்கம் புடைச்சாலோ, பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைங்க, சார்ஜ் போடாதீங்க, நீங்களே திறக்காதீங்க. நேரா சர்வீஸ் சென்டர்தான். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முதல் சம்பளத்தில் லேப்டாப் வாங்கப் போற நண்பர் இருந்தா, இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!